சேலைக் கலரும் செயற்கைக்கோள் படமும்



சென்ற மாதக் கூட்டத்தில் சந்தா, உள்கடன் வசூல் எல்லாம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. கிளம்பும் நேரத்தில் ஒரு சகோதரி எழுந்தார். "மேடம், எம் பொண்ணு ஏழாப்பு படிக்கிறா. மாலை மையத்துல ஏதோ செயற்கைக்கோள் படம்னு குடுத்து விட்டிருக்காக. வயக்காடு பூரா ரத்தச் செவப்பா இருக்கு. ஏம்மா நம்ம வயலு செவப்பா இருக்குன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? போயி டீச்சர்ட்ட கேளுன்னுட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அந்தப் பெண் டீச்சரிடம் போய்க் கேட்டிருப்பாளா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டாள். இரண்டு முறை "எனக்கென்ன தெரியும், போ" என்று சொல்லிவிட்டால், மூன்றாம் முறை பிள்ளை கேட்காது. பத்தாவது முடிந்து பிளஸ் ஒன் சேரும்போது "சயின்ஸ் குரூப் வேண்டாம், கஷ்டம்" என்று அதுவே சொல்லிவிடும். நம் குழுக்களில் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒளியையும் நிறத்தையும் பற்றிப் பாதி விஷயம் நமக்கு ஏற்கனவே தெரியும். தெரியும் என்பதுதான் நமக்குத் தெரியாது. அந்தப் பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடை வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்ப்பது ஏன்?

சேலை எடுக்கப் போகிறோம். கடைக்காரர் பத்து சேலையை விரித்துப் போடுகிறார். பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? "கொஞ்சம் வெளிச்சத்துல பாத்துக்கிறேன்" என்று வாசலுக்கு வருகிறோம். கடைக்குள் கத்தரிப்பூ நிறமாக இருந்தது வெயிலில் வேறு ஒரு நிறம் காட்டும். யாரும் நமக்கு இதைப் பாடமாக நடத்தவில்லை. ஒருமுறை ஏமாந்த பிறகு நாமே கற்றுக்கொண்டது.

இதில் உள்ள விஞ்ஞானம் இவ்வளவுதான். துணிக்கு என்று தனியாக ஒளி கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தில் சில நிறங்களைத் துணி உறிஞ்சிக்கொள்கிறது, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்புவதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. சிவப்புச் சேலை சிவப்பைத் திருப்பி விடுகிறது, மற்றதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. கறுப்புச் சேலை ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால்தான் சித்திரை வெயிலில் கறுப்பு கட்டினால் அப்படிச் சுடுகிறது.

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்து இருக்கிறது. டியூப் லைட்டிலும் எல்.இ.டி. பல்பிலும் எல்லா நிறமும் ஒரே அளவாக இருப்பதில்லை. விளக்கில் ஒரு நிறம் குறைவாக இருந்தால் சேலை எதைத் திருப்பி அனுப்பும்? முன்பு மெயின் ரோட்டில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு நினைவிருக்கிறதா? அதன் அடியில் நீலச் சேலை கறுப்பாகத் தெரியும். அந்த விளக்கில் நீலம் மிகக் குறைவு. இல்லாததைச் சேலையால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிள்ளையிடம் இதை இப்படியே சொல்லுங்கள். "வயல் ஏன் சிவப்பு" என்ற கேள்விக்குப் பதிலின் முதல் பாதி இதுதான்.

தாம்பாளத்தில் வானவில்

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளை நம்பாது, காட்ட வேண்டும். செலவு எதுவும் இல்லை. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, வெயில் சாய்வாக விழும் காலை அல்லது மாலை நேரத்தில் ஜன்னலோரம் வையுங்கள். முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியைத் தண்ணீருக்குள் பாதி மூழ்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீருக்குள் புகுந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் சுவரில் வானவில் வரும். சுவர் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி வெளிச்சத்தை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. சூரியனையும் நேராகப் பார்க்கக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏழு நிறம். இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன் 1660-களில் முக்கோணக் கண்ணாடியை வைத்து இதைத்தான் செய்து பார்த்தார். கண்ணாடிதான் வெளிச்சத்துக்குச் சாயம் ஏற்றுகிறது என்று அப்போது பலர் நினைத்தார்கள். பிரிந்த நிறங்களை இன்னொரு கண்ணாடி வழியாகச் சேர்த்து மறுபடியும் வெள்ளை ஒளியாக்கிக் காட்டினார் நியூட்டன்.

அடுத்தது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் விளையாட்டு. மிட்டாய் சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு வரி, பச்சைப் பேனாவால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காகிதத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்து மாயமாகிவிடும், பச்சை எழுத்து மட்டும் கருப்பாக நிற்கும். சிவப்புக் காகிதம் சிவப்பை மட்டும்தான் உள்ளே விடும். பச்சை எழுத்திலிருந்து வரும் ஒளி உள்ளே வர முடியாததால் அந்த இடம் இருட்டாகிவிடுகிறது. செயற்கைக்கோளில் இருக்கும் கருவியும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்று, செல்போன் திரையில் ஒரே ஒரு சின்னத் தண்ணீர்த் துளியை விரல் நுனியால் வைத்து, திரை வெள்ளையாக இருக்கும்போது உற்றுப் பாருங்கள். துளி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் புள்ளிகள்தான் இருக்கும். நாம் பார்க்கிற சீரியலும் சினிமாவும் இந்த மூன்றே நிறத்தின் கலவை. பெயின்டில் சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு வரும். ஒளியில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் வரும். பிள்ளைகள் குழம்புகிற இடம் இது, நானும் பள்ளிக்கூடத்தில் குழம்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு உடனே துளியைத் துடைத்துவிடுங்கள்; போன் போய்விட்டதென்று என் மேல் புகார் வரக் கூடாது.

மிளகாய்ப் பழம் தெரியாத தாத்தா

இந்த விளையாட்டுகளை ஒரு மாலை மையத்தில் செய்து காட்டியபோது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பரமக்குடி பக்கம் ஒரு கிராமம். கலர் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, சிவப்பைத் தனியாகவும் பச்சையைத் தனியாகவும் எடுத்து வைக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டையும் கலந்தே வைத்தான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப் போனது. "இவன் இப்படித்தான் மேடம், வேணும்னே செய்வான். இலைக்குப் பழுப்புக் கலர் அடிச்சு வச்சு டிராயிங்ல அடி வாங்கிட்டு வந்தான். நானும் ரெண்டு போட்டேன்" என்றார் அவன் அம்மா.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. இதை நிறக்குருடு என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் பிள்ளை குருடு இல்லை. நம் கண்ணுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படி ஆகும். பார்வை கூர்மையாக இருக்கும், எழுத்து தெரியும், ஊசியில் நூல் கோர்ப்பான். நிறம் மட்டும் மாறும்.

இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க அப்பாவும் இப்படித்தான் மேடம். மிளகாய்க் கொல்லைக்குப் போனா பழத்தையும் காயையும் சேத்துப் பறிச்சுட்டு வருவாரு. எங்க ஆத்தா திட்டாத நாள் இல்ல. அப்புறம் அவரு கண்ணால பாக்காம கையால தொட்டுப் பாத்துப் பறிக்க ஆரம்பிச்சாரு. பழம்னா மெதுவா இருக்கும்ல." கண் கலங்கிவிட்டது. "சாகுற வரைக்கும் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாதது பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும், அதனால் பெண்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. தாத்தாவுக்கு இருந்தது மகள் வழியாக, அவளுக்கே தெரியாமல், பேரனுக்கு வருகிறது. ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைக் கேட்டு மாமியார் வீட்டில் "பாத்தியா, உங்க வீட்டு வழியில வந்த குறை" என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இல்லை. உயரம் வருவது போல, சுருட்டை முடி வருவது போல இதுவும் வருகிறது.

இதற்கு மருந்தோ ஆபரேஷனோ கிடையாது. விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம். அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் புள்ளிகளுக்குள் எண் எழுதிய அட்டைகளைக் காட்டிச் சோதிப்பார்கள். சில நிமிட வேலை. ரயில் ஓட்டுநர், விமானி போன்ற சில வேலைகளுக்கு இது தடை. டிரைவிங் லைசென்சுக்கு முன்பு பெரிய சிக்கல் இருந்தது; 2020-ல் விதியைத் திருத்தி, லேசான மற்றும் நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் தெரிந்துகொண்டால் பிள்ளை அதற்கேற்றபடி படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். உடனடியாகச் செய்ய வேண்டியது பள்ளி ஆசிரியரிடம் சொல்லி வைப்பதும், கலர் பென்சிலில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுப்பதும்தான். அடிப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வானம் ஏன் நீலம்?

இந்தக் கேள்வி எல்லாப் பிள்ளையும் கேட்கும். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரில் சில சொட்டு பால் விட்டு, இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லேசான நீலம், டார்ச்சுக்கு நேர் எதிரே பார்த்தால் ஆரஞ்சுச் சாயல். நீல ஒளி எளிதாகச் சிதறும், சிவப்பு அவ்வளவாகச் சிதறாமல் நேரே வரும். வானத்தில் காற்று இதைச் செய்கிறது. பகலில் சிதறிய நீலம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. மாலையில் வெளிச்சம் அதிகக் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே போய், சிவப்பு மிஞ்சுகிறது.

கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து இதைச் சந்தேகப்பட்டார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்த வழியிலேயே போய் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார், 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். அவரோடு இந்த ஆராய்ச்சியில் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் நம் பக்கத்து விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர்.

ராமனைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. உங்கள் பெண் பிள்ளைகளுக்கு அன்னா மணியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பேன். 1918-ல் பீர்மேட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளைகளுக்கு எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு கொடுப்பது வழக்கம். அவர் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியப் புத்தகம் வேண்டும் என்றாராம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே என்ன ஆராய்ச்சி தெரியுமா? வைரமும் மாணிக்கமும் ஒளியை என்ன செய்கின்றன என்று! தோடு வேண்டாம் என்றவர் கையில் வைரங்கள் வந்தன. ஆனால் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. அவர் அதை நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை இங்கேயே தயாரிக்க வழி செய்தார். நாடு முழுவதும் சூரிய வெளிச்சத்தை அளக்கும் நிலையங்களை அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 2001-ல் காலமானார்.

ரிமோட்டில் ஒளிந்திருக்கும் ஒளி

இப்போது படத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேடிக்கை. டி.வி. ரிமோட்டின் முன்பக்கம் சின்ன பல்பு இருக்கிறது. பட்டனை அழுத்தினால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பல்பு மினுக் மினுக் என்று எரிவது திரையில் தெரியும். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். இந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். வானவில்லில் சிவப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நம் கண்ணுக்கு அதைப் பார்க்கும் சக்தி இல்லை, கேமராவுக்கு இருக்கிறது.

பச்சை இலை நீலத்தையும் சிவப்பையும் உணவு தயாரிக்க எடுத்துக்கொண்டு, பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி விடுகிறது. அதனால் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் அதைவிடப் பல மடங்கு அதிகமாக அது திருப்பி அனுப்புவது அகச்சிவப்பைத்தான். நமக்கு மட்டும் அகச்சிவப்பைப் பார்க்கும் கண் இருந்தால் நெல் வயல் கண்ணைப் பறிக்கும். இலை காய்ந்தாலோ நோய் விழுந்தாலோ இது குறைந்துவிடும். தண்ணீர் நேர்மாறு. அகச்சிவப்பை அப்படியே விழுங்கிவிடும்.

செயற்கைக்கோள் நம் போன் மாதிரி கலர் போட்டோ பிடிப்பதில்லை. மிட்டாய்க் காகிதம் வைத்துப் பார்த்தது போல, பச்சை ஒளி எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, அகச்சிவப்பு எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து எண்களாக அனுப்புகிறது. அந்த எண்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் கொடுப்பது மனிதர்கள். திரையில் இருப்பதோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று புள்ளிதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு ஏதாவது ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். அதற்குச் சிவப்பைக் கொடுத்தார்கள். அசல் சிவப்பைப் பச்சையாகவும், அசல் பச்சையை நீலமாகவும் காட்டுகிறார்கள். ஆகவே அகச்சிவப்பை அள்ளி வீசும் வயல் ரத்தச் சிவப்பு, தண்ணீர் கறுப்பு, வெறும் தரையும் ஊரும் நீலம் கலந்த சாம்பல், மணலும் உப்பளமும் வெள்ளை.

இந்த வழக்கம் செயற்கைக்கோளுக்கு முந்தியது. இரண்டாம் உலகப் போரில், பச்சை பெயின்ட் அடித்து ஒளித்து வைத்த டாங்கிகளைக் கண்டுபிடிக்க இப்படி ஒரு ஃபிலிம் பயன்பட்டது. நிஜ இலை சிவப்பாக விழும், பெயின்ட் அப்படி விழாது!

உலகத்தின் நிலப்பரப்பைத் தொடர்ந்து படம் எடுக்க முதலில் போன லேண்ட்சாட்-1 என்ற அமெரிக்க செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. நிறங்களைத் தனித்தனியாக அளக்கும் அதன் கருவியை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்ற பெண் பொறியாளர். முக்கியக் கருவி என்று அதில் வைத்தது வேறு ஒரு கேமராவைத்தான், இவருடையது கூடுதலாக வைத்தது. கடைசியில் எல்லோரும் நம்பிய படம் இவருடைய கருவி கொடுத்ததுதான். "லேண்ட்சாட்டின் தாய்" என்றே அவரைச் சொல்வார்கள். 2023-ல் காலமானார். நம் நாடு ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளை 1988 மார்ச் 17-ல் சோவியத் ராக்கெட்டில் அனுப்பியது. இப்போது மேலே இருக்கும் ரிசோர்ஸ்சாட்-2ஏ 2016 டிசம்பரில் போனது, சுமார் 817 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது.

"மேல இருந்து நம்ம வீட்டுக் கொல்லைய எல்லாம் பாக்குறாகளாமே?" என்று பல சகோதரிகள் பயத்தோடு கேட்கிறீர்கள். மாலை மையத்தில் கொடுத்த படத்தில் ஒரு புள்ளி என்பது 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம் கணக்கில் பதின்மூன்றரை சென்ட். அந்த இடம் முழுவதும் சேர்ந்து ஒரே நிறமாகத்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். காசு கொடுத்து வாங்கும் சில தனியார் படங்களில் 30 சென்டிமீட்டர் வரை போகிறார்கள். அதில் கூரை தெரியும், கார் தெரியும், ஆள் முகம் தெரியாது.

டி.வி.யில் புயல் நேரத்தில் காட்டும் படம் வேறு வகை. அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள் எடுப்பது. புதியது இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரி 17-ல் போனது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது விடிய விடிய டி.வி. பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். நடு ராத்திரி இருட்டில் மேகம் எப்படிப் படமாகிறது? அது வெளிச்சத்தை அளப்பதில்லை, சூட்டை அளக்கிறது. எந்த இடம் அதிகக் குளிர்ச்சியோ அதை வெள்ளையாகக் காட்டுவார்கள். உயரமாக எழும்பிய மேகத்தின் உச்சி கடும் குளிராக இருக்கும், எனவே பளீர் வெள்ளை. அடுத்த புயலில் பிள்ளை கேட்டால், "அந்த வெள்ளை மேகத்தோட கலர் இல்ல, மேகத்தோட குளிரு" என்று சொல்லுங்கள்.

கண்மாய்க்குள்ளே சிவப்பு

மாலை மையத்துப் படங்கள் இரண்டு. கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினர் மகள் ஒருத்தி, இஸ்ரோவின் புவன் இணையதளத்திலிருந்து எடுத்து அச்சடித்துக் கொடுத்தாள். ஒன்று தை மாதம், மற்றது வைகாசி. தேதியை மறைத்துவிட்டு, எது எந்த மாதம் என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள். கூட வந்த அம்மாக்கள்தான் பளிச்சென்று சொன்னார்கள். "இது தை. வயலு பூரா செவப்பு, கதிரு நிக்கிது. கம்மாயில தண்ணி கறுப்பா கெடக்கு. அது வெயிக்காலம், வயல்ல ஒண்ணுமில்ல."

அப்போது ஒரு பாட்டி வைகாசிப் படத்தில் விரலை வைத்தார். "கம்மாய் வத்திப் போச்சுன்னா உள்ள ஏன் செவப்பா இருக்கு?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "கருவேலம் பாட்டி!" என்றது. ஆமாம், சீமைக்கருவேலம். எல்லாம் காய்ந்து கிடக்கும் வைகாசியிலும் அது பச்சையாக நிற்கும், எனவே படத்தில் சிவப்பு. கண்மாயின் கால்வாசிக்கு மேல் சிவப்பு. தினமும் கரை மேல் நடக்கும் நமக்கு ஓரத்துப் புதர்தான் தெரியும், மேலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரிந்தது.

உடனே வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது, கரிமூட்டம் போடும் குடும்பத்துச் சகோதரி ஒருவர், "அத வெட்டிட்டா எங்க பொழப்பு என்னாகும்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் பல வீட்டில் அந்தக் கரிதான் சோறு போட்டது. இரண்டு கூட்டம் பேசினார்கள். கண்மாய்க்குள் இருப்பதை வேரோடு எடுப்பது, தரிசுப் பட்டாவில் இருப்பதை இப்போதைக்கு விடுவது, எடுக்கும் மரத்தை முதலில் கரிமூட்டக்காரர்களுக்கே கொடுப்பது என்று தீர்மானம் போட்டு, மே 1 கிராம சபையில் இரண்டு படத்தையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு இந்தப் படம் முதலில் ஒன்றுமே புரியவில்லை. அவன் கண்ணுக்குச் சிவப்பு வயலும் கறுப்புத் தண்ணீரும் ஒரே இருட்டாகத் தெரிந்தன. கல்லூரிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அகச்சிவப்பை மட்டும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுத்தாள். அதில் செடி கொடி வெள்ளை, தண்ணீர் கறுப்பு, மற்றது சாம்பல். வாங்கிப் பார்த்தவன் கண்மாய், வரத்துக் கால்வாய், மடை, அவர்கள் வீட்டு மிளகாய்க் கொல்லை என்று வரிசையாக விரல் வைத்துக் காட்டினான். கலர்ப் படத்தில் மற்ற பிள்ளைகள் கவனிக்காத ஒரு பழைய வரத்துக் கால்வாயின் தடத்தையும் அவன்தான் கண்டுபிடித்தான்.

நம் செய்திமடல் கறுப்பு வெள்ளையில் அச்சாவதால் கலர்ப் படங்களை இங்கே போட முடியவில்லை. மூன்று படங்களும் கூட்டமைப்பு அலுவலகத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோம். குழுவின் ஊக்குநர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் எடுத்துப் போகலாம். உங்கள் ஊர்க் கண்மாய்ப் படம் வேண்டுமென்றால் ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், ஊராட்சிப் பெயர் மூன்றையும் எழுதி அடுத்த மாதக் கூட்டத்தில் கொடுங்கள். தை மாதம் ஒன்று, வைகாசி ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள்.